கெண்டை வாயில் பூச்சி தங்கும் நேரம்

தெளிந்த ஆற்றில் அடிமணலைக் கிளறி மேயும் கெண்டை நம் கண்ணில் படுகிறது என்றால், நாமும் அதன் கண்ணில் படலாம். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சியால் அதைப் பிடிக்க நினைப்பவருக்கு முதல் சிக்கலே இதுதான்.

நீருக்குள்ளிருந்து பார்த்தால் வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேலே சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் சுருங்கித் தெரியும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு கண்ணாடி போல ஆற்றின் அடியையே பிரதிபலிக்கும். தாழ்வாக இருப்பதெல்லாம் வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி மெல்லிய கோடாகிவிடும். மண்டியிட்டு நகர்வது அதனால்தான்.

சரி, கண்ணுக்குத் தப்பிவிடலாம். காதுக்குத் தப்புவது இன்னும் கடினம். கெண்டையின் காற்றுப்பையை உட்காதோடு வெபர் எலும்புகள் என்னும் சிற்றெலும்புச் சங்கிலி இணைக்கிறது. ஒலியில் காற்றுப்பை அதிர்ந்தால், அந்த அதிர்வு காதுவரை போய்விடும். காலடியில் ஒரு கல் புரண்டாலே போதும், மீன் விலகிவிடும்.

பொய்ப்பூச்சிக்கு எடை மிகக் குறைவு. தடித்த கயிற்றின் எடைதான் அதைச் சுமந்து போகிறது. கயிறு மீனின் மேல் விழாதபடி சற்றுத் தள்ளி எறிந்து, மெதுவாக இழுத்து, அதன் முன்னால் மூழ்க விடவேண்டும். ஒளி வளைவதால், மீன் நமக்குத் தெரிவதைவிட ஆழத்தில் இருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் ஒரு மீட்டர் ஆழம் முக்கால் மீட்டராகத் தெரியும். கரையிலிருந்து சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறைவாக. எனவே பூச்சி இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.

இனிமேல் நடப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. கெண்டையின் தாடையில் பல் கிடையாது. வாயைக் குழல்போல நீட்டி மண்ணோடு சேர்த்து இரையை உறிஞ்சும். மேலண்ணத்தில் சுவை மொட்டுகள் நிறைந்த மெத்தென்ற தசை உண்டு. அது இரையை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொள்ள, மண் வெளியேறிவிடும். தொண்டைப் பற்கள் அப்புறம்தான் அரைக்கும். சுவையில்லாத பூச்சியை உடனே துப்பிவிடும். கயிறு அசையக்கூட அசையாது. கையில் இழுப்பு தெரியட்டும் என்று காத்திருந்தால் மீன் கிடைக்காது. நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி வழியாக அதன் தலையையே பார்த்திருக்கவேண்டும். தலை சாய்கிறதா, வாய் நீள்கிறதா, செவுள் மூடி விரிகிறதா? அந்தக் கணத்தில் கயிற்றை மெல்ல இறுக்கவேண்டும்.

பிடித்த மீனைப் பதமாகக் கையாளவேண்டும். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1938இல் கெண்டைக்கு உறவான ஒரு சிறுமீனில் இன்னொன்றையும் விளக்கினார். தோல் காயப்பட்டால் அதிலிருந்து ஒரு வேதிப்பொருள் நீரில் கலக்கும். அதை முகர்ந்த மற்ற மீன்கள் மிரண்டுவிடும். நீரோட்டம் அதைக் கீழ்ப்பக்கம் கொண்டுபோகும் என்பதால், அடுத்த கெண்டையை மேல்பக்கம் தேடிப் போவதே நல்லது.