வெளிச்சத்தை வடிகட்டினால் வெடிப்பு தெரியும்

2024 மே மாதம், இரண்டாவது வாரம். மொட்டை மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி வைத்து, கண் வைக்கிற இடத்துக்கு ஒரு சாண் பின்னால் வெள்ளை அட்டையைப் பிடித்தேன். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரியன் வந்து அட்டையில் விழுந்தது. பூமி சுற்றுவதால் அது நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்குத் தள்ளிப் போய்விடும். குழாயைத் தட்டித் தட்டித் திருப்பி, திருகைச் சரிசெய்ததும் ஒரு கரும்புள்ளிக் கூட்டம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் மை தொட்டு வைத்தாற்போல் கருப்பு, அதைச் சுற்றிச் சாம்பல் நிறக் கரை, பக்கத்தில் சிதறிய குட்டிப் புள்ளிகள். பென்சிலால் சுற்றி வரைந்து ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். அதே அட்டையில் பூமியை வரைந்தால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, ரவைத் துகள் அளவுதான். பதினைந்து ரவையை வரிசையாக வைத்த நீளத்துக்குச் சூரியனின் முகத்தில் ஒரு தழும்பு. வானியலாளர்கள் அதற்குக் கொடுத்திருந்த எண் 13664.

அந்த வாரம் முழுக்க அந்தக் கூட்டம் பெரிய பெரிய வெடிப்புகளை விட்டுக்கொண்டிருந்தது. ஆனால் என் அட்டையில் ஒரு வெடிப்பும் தெரியவில்லை. புள்ளி தெரிகிறது, வெடிப்பு தெரிவதில்லை. ஏன் என்று கேட்டால், சூரியனைப் பார்ப்பதில் உள்ள சிக்கலே வெளிச்சம் போதாமல் இருப்பது அல்ல, அளவுக்கு மீறி இருப்பதுதான். கண்ணை உறுத்தும் அந்த வெள்ளை வெளிச்சம் எல்லாம் சுமார் 5,500 டிகிரி சூட்டில் இருக்கும் மேற்பரப்பிலிருந்து வருகிறது. புள்ளி இருக்கும் இடம் அதைவிட ஒன்றரை ஆயிரம், இரண்டாயிரம் டிகிரி குறைவு, அதனால் கருப்பாகத் தெரிகிறது. வெடிப்புகள் நடப்பதோ அதற்கு மேலே, மெல்லிய வாயுவில். நடுப்பகலில் வாணவேடிக்கை விட்டால் எப்படித் தெரியும், அப்படித்தான்.

(ஒரு விஷயம். தொலைநோக்கியில் சரியான சூரிய வடிகட்டி இல்லாமல் ஒரு நொடிகூடக் கண்ணை வைத்துவிடாதீர்கள், பார்வை போய்விடும். பழைய எக்ஸ்ரே படம், சாணி கரைத்த தண்ணீர், புகை பிடித்த கண்ணாடி எதுவும் பாதுகாப்பு இல்லை. அட்டையில் விழவைப்பதுதான் நல்ல வழி. அப்போதும் குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் கூடவே நில்லுங்கள், தொலைநோக்கியின் மேலே ஒட்டியிருக்கும், குறிபார்க்கும் குட்டிக் குழாயையும் மூடிவிடுங்கள்.)

அபூர்வமாக, வெள்ளை வெளிச்சத்தையே மீறிக்கொண்டு தெரியும் வெடிப்பும் உண்டு. 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்ற வானியலாளர் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார், சூரியனைத் திரையில் விழவைத்துப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். திடீரென்று புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெண்ணிறத் திட்டுகள் பளிச்சிட்டு, சுமார் ஐந்து நிமிடத்தில் மங்கி மறைந்தன. அதே நேரத்தில் அதைப் பார்த்த இன்னொருவர், வேறு இடத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாட்ஜ்சன். ஒரு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பூமியின் காந்தப் புலம் ஆட்டம் கண்டது. தந்திக் கம்பிகளில் தானாக மின்சாரம் ஓடியது. மும்பை கொலாபா ஆய்வகத்தில் காந்த ஊசிகளைக் கவனித்துக் குறித்து வைத்தவர்களின் கணக்கு இன்றும் இருக்கிறது. அந்தப் புயல் எவ்வளவு கடுமையானது என்று கணக்கிட ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுவது அந்த எண்களைத்தான்.

சரி, அபூர்வத்துக்குக் காத்திருக்காமல் தினமும் பார்க்க என்ன வழி? அதற்கான கதவு குண்டூரில் திறந்தது. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்த வானியலாளர் ஜூல் ஜான்சென், விளிம்பில் எழும்பி நின்ற சுவாலைகளின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். வானவில் போல எல்லா நிறமும் பரவி வரவில்லை, சில குறிப்பிட்ட நிறங்களில் மட்டும் கோடுகள் கொழுந்துவிட்டு எரிந்தன. இவ்வளவு பிரகாசமென்றால் கிரகணம் இல்லாமலே பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. மறுநாள் காலை, முழுச் சூரியன் வானத்தில் இருக்கும்போதே, பார்த்தும் விட்டார். இந்த இடத்தை எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சூட்சுமம் இதுதான். வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. சுவாலையில் இருக்கும் ஹைட்ரஜனோ 656.3 நானோமீட்டர் அலைநீளம் உள்ள ஒரு சிவப்பில் பலமாகக் கொட்டுகிறது. மற்ற எல்லா நிறத்தையும் தூக்கி எறிந்துவிட்டு அந்தச் சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டால் சுவாலை மேலெழுந்து நிற்கும். சூரியனின் முகத்துக்கு நேராகப் பார்த்தாலும் இது பலிக்கும். அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் மேலடுக்கு ஹைட்ரஜன் பனிமூட்டம் மாதிரி, கீழிருந்து வருவதை விழுங்கிவிடும். அதனால் நம் பார்வை மேற்பரப்பு வரை போகாமல் அந்த மூட்டத்திலேயே நின்றுவிடுகிறது, அங்கே நடப்பது தெரிகிறது. விளிம்பில் செஞ்சுவாலையாக நிற்பதே நடுமுகத்தில் வந்தால் கறுத்த இழையாகத் தெரியும். இரண்டும் ஒரே பொருள்தான், பின்னணி மட்டும் வேறு.

இதைத் தொழிலாகவே செய்த இடம் கொடைக்கானல். தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்த்ததற்கும் சூரியனில் நடப்பதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்ற கேள்வி எழுந்து, அதைத் தொடர்ந்துதான் சூரியனுக்கென்றே ஓர் ஆய்வகம் வேண்டும் என்று முடிவானது. 1899ல் சென்னையிலிருந்து வேலைகள் மலைக்கு ஏறின. அங்கே வைத்த கருவி வேலை செய்யும் விதம் ஜெராக்ஸ் மெஷினை நினைவுபடுத்தும். சூரியனின் பிம்பத்தை ஒரு மெல்லிய பிளவில் விழவைப்பார்கள். உள்ளே போகும் கீற்றை நிறங்களாகப் பிரித்து, இரண்டாவது பிளவு வழியாகக் கால்சியத்தின் ஊதா நிறத்தை மட்டும் வெளியே விடுவார்கள். பிம்பம் முதல் பிளவின் மேல் மெல்ல நகர, பின்னால் புகைப்படத் தட்டும் அதே வேகத்தில் நகர, கீற்றுக் கீற்றாக ஒரே நிறத்தில் முழுச் சூரியனும் தட்டில் பதியும். நூறு வருஷத்துக்கும் மேலாக, மேகம் விடுகிற நாளெல்லாம் எடுத்த தட்டுகள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சியைத் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்திலிருந்து தொடர்ந்த பதிவு உலகத்திலேயே சொற்பம்.

அதே மலையில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இன்னொன்றைக் கண்டார். புள்ளியைச் சுற்றியுள்ள அந்தச் சாம்பல் கரையின் நிறமாலைக் கோடுகள் ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் லேசாக வளைந்திருந்தன. ஆம்புலன்ஸ் நெருங்கும்போதும் விலகும்போதும் சத்தம் மாறுகிறதே, அதே கணக்கு ஒளிக்கும் உண்டு. புள்ளியின் நடுவிலிருந்து வாயு நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கி ஓடுகிறது என்பது அதன் பொருள். எவர்ஷெட் விளைவு என்றே இன்றும் அதற்குப் பெயர்.

புள்ளி என்பது காந்தப் புலம் கொத்தாகத் துருத்திக்கொண்டு வெளியே வந்த இடம். சூரியன் கெட்டிப் பொருள் இல்லை, நடுக்கோட்டில் சுமார் 25 நாளில் சுற்றுகிறது, துருவப் பக்கம் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இந்த இழுபறியில் காந்தக் கோடுகள் ஊஞ்சல் கயிறு போல முறுக்கேறும். எதிரெதிர்த் திசையில் போகும் கோடுகள் நெருங்கி, அறுந்து, வேறு விதமாக ஒட்டிக்கொள்ளும்போது முறுக்கில் சேர்ந்திருந்த சக்தி மொத்தமும் வெளியே வருகிறது. அதில் ஒரு பங்கு ஒளியாகவும் எக்ஸ் கதிராகவும் பாயும், எட்டேகால் நிமிடத்தில் நம்மிடம் வந்துவிடும். ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று தரம் பிரிப்பது இந்த எக்ஸ் கதிரை வைத்துத்தான், ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் பத்து மடங்கு. இன்னொரு பங்கு பொருளாகவே கிளம்பும், பல நூறு கோடி டன் வாயு காந்தப் புலத்தையும் சுருட்டிக்கொண்டு. அது வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். நம் மின்கம்பிகளையும் செயற்கைக்கோள்களையும் அலைக்கழிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் முன்னெச்சரிக்கை விடுவதற்கான அவகாசமே இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அப்படிக் கிளம்பும் பொருளைப் பார்க்க நிறத்தை வடிகட்டினால் மட்டும் போதாது. அது போகிற வழி கரோனா, அதாவது சூரியனைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய வெளி வாயு மண்டலம், சூரிய முகத்தைவிட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு மங்கலானது. ஆகவே சூரியனையே மறைக்க வேண்டும். கிரகணத்தில் நிலா செய்வதைக் கருவிக்குள் செய்து காட்டியவர் 1930களில் பெர்னார் லியோ. 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஆதித்யா எல்1ல் உள்ள கரோனா கருவியும் அதே குடும்பம். அங்கே காற்று இல்லை, இரவு இல்லை. ஆனால் கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் அதில் பட்டுச் சிதறும் ஒளி கரோனாவை மூழ்கடித்துவிடும். அது கிளம்பியபோது இந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் செங்கோட்டைக்காரர் நிகார் ஷாஜி. கருவியைச் செய்தது இந்திய வானியற்பியல் நிறுவனம், கொடைக்கானல் ஆய்வகமும் அவர்களுடையதுதான்.

லடாக்கில் ஹான்லே ஆய்வகமும் அவர்களுடையதே. 2024 மே 10 இரவு, 13664 வீசிய வாயு மேகங்கள் பூமியில் மோதியபோது, அங்கிருந்த கேமராவில் வடக்கு அடிவானம் சிவந்தது. துருவத்துக்கு அவ்வளவு தள்ளி இருந்ததால், துருவப் பகுதிகளில் வானத்தில் தெரியும் ஒளித்திரையின் மேல் நுனி மட்டும்தான் தெரிந்தது, இருநூறு கிலோமீட்டருக்கும் மேலே ஆக்சிஜன் விடும் சிவப்பு. 2003க்குப் பிறகு அந்த அளவுக்கு ஒரு காந்தப் புயல் அதுவரை வந்ததில்லை.

என் அட்டையில் புள்ளி ஒவ்வொரு நாளும் விளிம்பை நோக்கித் தள்ளிப் போனது, வட்டமாக இருந்தது ஒடுங்கிக் கோடானது. மே 14 அன்று விளிம்பில் திரும்புகிற நேரத்தில் அது எக்ஸ் 8.7 அளவுக்கு ஒரு வெடிப்பை விட்டது. அப்புறம் இரண்டு வாரம் சூரியனின் முதுகுப் பக்கம். மாதக் கடைசியில் எதிர் விளிம்பில் அதே கூட்டம் திரும்ப எட்டிப் பார்த்தது, 13697 என்று புது எண்ணோடு, இன்னும் வெடித்துக்கொண்டு.