ஒருக்கா சொன்னாலும் ரெண்டுதரம் சொன்னாலும்

போன மாரி முழுக்க வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலை பஸ்ஸிலை ஐசக் அசிமோவின்ரை ரோபோக் கதையளை ஒவ்வொண்டா வாசிச்சனான், பகலிலை நான் செய்யிறது ஏபிஐ எழுதிற வேலை, ரெண்டுக்கும் உயிர் ஒரே இடத்திலைதான், விதி மாறாமல் இருக்கிறதிலைதான் இருக்கு எண்டு புளியங்குளம் தாண்டேக்கை பிடிபட்டுது.

1942இலை வந்த ஒரு கதையிலைதான் அவர் மூண்டு விதியையும் முதல்முதல் முழுசா எழுதினவர். மனுசருக்குத் தீங்கு செய்யாதை, சொல்லுக் கேள், உன்னைக் காப்பாத்து, முன்னுக்கு வாற விதிக்குத்தான் முதலிடம். புதன் கிரகத்திலை செலீனியம் எடுக்கப் போன ரோபோ திரும்பி வராமல் வட்டமடிச்சுக்கொண்டே நிக்கும், ஏனெண்டால் குடுத்த கட்டளை அழுத்தமில்லாதது, விலை கூடின ரோபோ எண்டு மூண்டாம் விதியைக் கூட்டி வச்சிருக்கினம், செலீனியத்துக்குக் கிட்ட ஆபத்து வேறை, ரெண்டு விதியும் சமமா இழுக்கிற இடத்திலை அது மாட்டுப்பட்டுப் போச்சு. விதி தெரிஞ்ச வாசகர் பக்கத்தைத் திருப்ப முதலே காரணத்தைப் பிடிக்கலாம். கதைக்குக் கதை விதி மாறினால் அந்தச் சுகம் இல்லை.

ஏபிஐ எண்டது ஒரு புரோகிராம் இன்னொண்டிட்டை வேலை கேக்கிற வாசல். அதுக்கும் விதி இருக்கு: கெட் எண்டால் பாக்கிறது மட்டும், புட் எண்டால் இந்த நிலைக்குக் கொண்டு வா, போஸ்ட் எண்டால் பெரும்பாலும் புதுசா ஒண்டைச் சேர்.

இரணைமடுக் குளத்தின்ரை வான்கதவைக் கைபோனாலை இயக்கிறம் எண்டு வையுங்கோ. ஒட்டுசுட்டான் பக்கம் நிண்டு கட்டளை அனுப்பிறியள், அது போய்ச் சேந்து கதவும் திறந்திட்டுது, ஆனா பதில் வாற வழியிலை சிக்னல் அறுந்து போச்சு. போனுக்கு ஒண்டும் தெரியாது, திருப்பி அனுப்பும். "ஆறு இஞ்சியிலை நிக்கட்டும்" எண்டு சொல்லியிருந்தால் பத்துத்தரம் போனாலும் ஆறு இஞ்சிதான். "இன்னும் ஆறு இஞ்சி திற" எண்டு சொல்லியிருந்தால் பன்ரண்டு இஞ்சி, கீழை கண்டாவளைச் சனத்தின்ரை வயலுக்குள்ளை தண்ணி. முதல் வகைக்கு ஐடெம்போட்டன்ட் எண்டு பேர், புட் அப்பிடித்தான் இருக்கோணும்.

நெல் கொள்வனவுக் கணக்கு ஒண்டிலை எனக்கு இது நடந்தது, ஒரு ஐயாவின்ரை 40 மூட்டை 80 ஆ விழுந்திட்டுது. இப்ப ஒவ்வொரு போஸ்ட்டோடையும் போன் தன்ரை பாட்டிலை ஒரு தனி எண்ணை அனுப்பும், திருப்பி அனுப்பேக்கையும் அதே எண்தான், சேர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே கண்டிருந்தால் புதுசாப் பதியாமல் பழைய பதிலையே திருப்பிக் குடுக்கும்.

மற்றதெல்லாம் சின்ன ஒழுங்குகள், ஆனா விடக்கூடாது. 03/04 எண்டு திகதி வந்தால் மார்ச்சோ ஏப்ரலோ, அதாலை எல்லா இடமும் திகதி எழுதிறதுக்கான உலகப் பொதுத் தரமான ஐஎஸ்ஓ 8601 சொல்ற மாதிரி 2025-04-03. கேட்டது இல்லையெண்டால் 404 எண்டு சொல்லோணும், எல்லாம் சரி எண்டு அர்த்தம் வாற 200ஐ அனுப்பிப்போட்டு உள்ளுக்கை "பிழை" எண்டு எழுதிறது எனக்குப் பொய் சொல்ற மாதிரி.

போன கிழமை வேலைக்குச் சேந்த தங்கச்சி ஒராள் ஏபிஐயிலை நெல்லுப் பகுதியை மட்டும் பாத்திட்டு, உழுந்துக்கு எப்பிடிக் கேக்கிறதெண்டு என்னட்டை ஒரு வார்த்தை கேக்காமலே எழுதி அனுப்பினவா. முதல்தரமே 200 வந்தது.