பெரியம்மா வராத செயலி

2021 ஜனவரி முதல் வாரத்தில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. புதிய தனியுரிமைக் கொள்கையைப் பிப்ரவரி 8-க்குள் ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் கணக்கைப் பயன்படுத்த முடியாது. தனிப்பட்ட அரட்டைகளை வெளியார் படிக்க முடியாதபடி காக்கும் மறையாக்கம் அப்படியேதான் இருந்தது. வணிக நிறுவனங்களுடன் பேசுவது பற்றிய விதிகள்தான் முக்கியமாக மாறின. ஆனாலும் பேஸ்புக்குடன் தகவல் பகிர்வதைப் பற்றி எழுதியிருந்த விதமும், வேறு வழி விடாத தொனியும் மக்களுக்குச் சுருக்கென்று தைத்தன. ஜனவரி 7 அன்று ஈலான் மஸ்க் 'சிக்னலைப் பயன்படுத்துங்கள்' என்று, வாட்ஸ்அப் போன்ற இன்னொரு செய்திச் செயலியைச் சொல்லி ட்விட்டரில் எழுதினார்.

அந்த வாரம் முழுக்க என் போனில் ஒரே சத்தம். இன்னார் சிக்னலில் சேர்ந்துவிட்டார், இன்னாரும் சேர்ந்துவிட்டார். பள்ளித் தோழன், பழைய வீட்டுக்காரர், எப்போதோ நம்பர் வாங்கி வைத்திருந்த எலக்ட்ரீஷியன். எங்கள் குடும்பக் குரூப்பையும் அங்கே திறந்தோம். பதினொரு பேரில் ஏழு பேர் வந்தார்கள். பெரியம்மா வரவில்லை.

பலருக்கு எரிச்சலூட்டிய அந்தச் சத்தம்தான் ஆட்களை நகர்த்துகிறது. எப்படி என்பதை 1978-இலேயே அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் ஒரு கணக்காகப் போட்டுக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது கலவரக் கூட்டம். நாம் செயலியை வைத்துப் பார்ப்போம். எத்தனை பேர் போன பிறகு நான் போவேன் என்று ஒவ்வொருவர் மனதிலும் ஓர் எண் இருக்கிறது. நூறு பேரில் ஒருவருக்கு அது பூஜ்யம். யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடுவார். அடுத்தவருக்கு 1, அதற்கடுத்தவருக்கு 2, இப்படியே 99 வரை. முதல் ஆள் போனதும் இரண்டாமவர் போவார், இருவரைப் பார்த்து மூன்றாமவர். கடைசியில் நூறு பேரும் போய்விடுவார்கள்.

இப்போது ஒரே ஒருவரை மாற்றுங்கள். 1 என்று இருந்தவருக்கு 2 என்று வையுங்கள். முதல் ஆள் கிளம்புகிறார். ஒருவர் போனதற்காகப் போகக்கூடிய ஆள் இப்போது யாரும் இல்லை. அவர் தனியே அங்கே நிற்க, 99 பேரும் இங்கேயே இருந்துவிடுகிறார்கள். இரண்டு கூட்டத்திலும் மனக்கசப்பு ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால்தான் எத்தனை பேர் கொதிக்கிறார்கள் என்று எண்ணி, எத்தனை பேர் போவார்கள் என்று சொல்லிவிட முடிவதில்லை.

இந்தக் கணக்கு எல்லாத் தளத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. 2010 ஆகஸ்டில் டிக் என்ற செய்திப் பகிர்வுத் தளம் தன் வடிவத்தைத் தலைகீழாக மாற்றியது. பிடிக்காத பதிவைக் கீழே தள்ளும் பொத்தான் போனது, ஊடக நிறுவனங்கள் தங்கள் செய்திகளைத் தானாகவே கொண்டுவந்து கொட்ட வழி கிடைத்தது. பயனர்கள் டிக்கின் முகப்பையே அதன் போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளால் நிரப்பிவிட்டு, ரெடிட்டுக்குப் போனார்கள். டிக் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அங்கே ஒருவருக்குத் தேவைப்பட்டது ஒரு கூட்டம்; முகம் தெரியாதவர்களாக இருந்தாலும் போதும். குடும்பக் குரூப்பில் அப்படி முடியாது. ஊரில் கோடிப் பேர் சிக்னலுக்குப் போனாலும் பெரியம்மா வராவிட்டால் எனக்குப் பாதி வீடு காலி.

தேதிக்கும் இதில் பெரிய பங்கு இருந்தது என்று நினைக்கிறேன். பிப்ரவரி 8 என்ற கெடு, 'அப்புறம் பார்க்கலாம்' என்றிருந்த எல்லோரையும் ஒரே சமயத்தில் யோசிக்க வைத்தது. ஜனவரி 15 அன்று இரண்டு விஷயங்கள் நடந்தன. புதிதாக வந்தவர்களின் பாரம் தாங்காமல் சிக்னலின் சேவை முடங்கியது. அதே நாளில் வாட்ஸ்அப் தன் கெடுவை மே 15-க்குத் தள்ளி வைத்தது. போய்ச் சேர்ந்தவர்களால் அங்கே பேச முடியவில்லை, போக நினைத்தவர்களுக்கு அவசரம் போய்விட்டது. மே மாதம் வந்தபோது, ஏற்காதவர்களின் வசதிகளைக் குறைக்கப் போவதில்லை என்றும் வாட்ஸ்அப் சொல்லிவிட்டது.

புதுச் செயலியை இறக்கியவர்களில் பெரும்பாலோர் பழையதை அழிக்கவும் இல்லை. இரண்டும் இலவசம், இரண்டும் போனில் கிடக்கும். பேச்சு மட்டும் எல்லோரும் இருக்கும் இடத்துக்கே திரும்பும். எங்கள் ஏழு பேர் குரூப்பில் மார்ச்சுக்குப் பிறகு பிறந்தநாள் வாழ்த்துகூட வரவில்லை.

ஆட்கள் இடம் மாறாமலே இதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஏர்டெல் எண்ணிலிருந்து ஜியோ எண்ணுக்குப் பேச நாம் யாரையும் சிம் மாற்றச் சொல்வதில்லை. இரண்டு நிறுவனங்களின் கட்டமைப்பும் ஒன்றோடொன்று இணைந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இதே கடமையைச் செய்திச் செயலிகளுக்கும் கொண்டுவந்திருக்கிறது. வேறு செயலி ஒன்று கேட்டால், வாட்ஸ்அப் தன் கதவைத் திறந்து அதனுடன் செய்தி பரிமாற வழிசெய்ய வேண்டும். மறையாக்கமும் கெடக்கூடாது என்பதால் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஐரோப்பாவுக்கு வெளியே இந்தக் கடமையும் இல்லை. 2021-இல் நமக்கு அது இருந்திருந்தால் பெரியம்மா இருந்த இடத்திலேயே இருந்திருப்பார், நாங்கள் ஏழு பேரும் போன இடத்திலேயே இருந்திருப்போம்.