கிண்ணம் ஏன் விம்முகிறது?

வீட்டில் ஓர் அறையின் மூலையைத் தியானத்துக்கென்று ஒதுக்கிவிட்டதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். தரையில் விரிப்பு, தாழ்வான பலகை, ஒரு விளக்கு, ஒரு வெண்கலக் கிண்ணம். சிறு கோலால் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும் ‘பாடும் கிண்ணம்’ என்று சொல்வார்களே, அதுதான். அவர் கேட்ட கேள்விகள் மூன்று. தட்டியதும் வரும் ஒலி ஒரே சீராக இல்லாமல் ‘வோம்… வோம்… வோம்’ என்று ஏறி இறங்குகிறதே, ஏன்? அந்த ஒலி அறையின் எதிர்மறை ஆற்றலை விரட்டும் என்கிறார்களே, உண்மையா? கிண்ணத்தை எந்தத் திசையில் வைக்க வேண்டும்?

முதல் கேள்விக்கு என் தனிப்பட்ட நன்றி. என் மேசையிலும் அப்படி ஒரு கிண்ணம் இருக்கிறது. பல நாள் மாலைகளை அது எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒலி என்றால் அதிர்வு, பள்ளியில் படித்ததுதான். கிண்ணத்தைத் தட்டும்போது அதன் அடிப்பகுதி ஏறக்குறைய சும்மா இருக்கிறது, விளிம்புதான் ஆடுகிறது. அதனால்தான் உள்ளங்கையிலோ சின்னத் திண்டின் மேலோ வைத்துத் தட்டினாலும் ஒலி மங்குவதில்லை. விளிம்பை ஒரு விரலால் தொட்டால் போதும், சட்டென்று அடங்கிவிடும்.

சரி, விளிம்பு எப்படி ஆடுகிறது? ஒரு ரப்பர் வளையத்தை இரண்டு பக்கமும் விரலால் அமுக்குங்கள், வட்டம் நீள்வட்டமாகும். விட்டால் அடுத்த பக்கம் நீளும். வெண்கல விளிம்பும் இதையேதான் செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில், வினாடிக்குச் சில நூறு தடவை. அப்போது விளிம்பில் நான்கு இடங்கள் நன்றாக உள்ளும் வெளியுமாக ஆடும். அவற்றுக்கு நடுவே நான்கு இடங்கள் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நிற்கும். பாடநூல்கள் இவற்றை எதிர்க்கணு, கணு என்கின்றன. ஆறு கணுக்கள், எட்டுக் கணுக்கள் கொண்ட அதிர்வுகளும் கூடவே நடக்கின்றன. ஆறு கணு அதிர்வின் அதிர்வெண் முதலாவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடையில் எங்கோ விழும். முழு மடங்காக அமையாததால்தான் கிண்ணத்தின் நாதத்தில் கம்பியின் சாயல் இல்லாமல் மணியின் சாயல் இருக்கிறது.

இனி வருவதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். நீள்வட்டம் எந்தப் பக்கமாக நீள வேண்டும் என்று தீர்மானிப்பது எது? கிண்ணம் அச்சுப் பிசகாத வட்டமாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் சுத்தியலால் அடித்து உருவாக்கிய கிண்ணம் அப்படி இருக்காது. ஒரு பக்கம் துளி கனம், ஒரு பக்கம் துளி மெலிவு. அந்தச் சின்ன வித்தியாசத்தால் கிண்ணத்துக்கு இரண்டு சொந்தத் திசைகள் அமைந்துவிடுகின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்று 45 பாகை தள்ளி. ஒரு திசையில் நீளும்போது ஓர் அதிர்வெண், மற்றதில் நீளும்போது வேறோர் அதிர்வெண். இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறியது.

ஒன்று 220 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 220 அதிர்வு; மற்றது 222 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாகப் புறப்படுகின்றன. கால் வினாடி கழித்துப் பார்த்தால் முதலாவது 55 சுற்று ஆடியிருக்கும், இரண்டாவது 55.5 சுற்று. அந்த அரைச் சுற்றுதான் வேலையைக் காட்டுகிறது. ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது, ஒலி தாழ்கிறது. அரை வினாடியில் 110, 111 சுற்றுகள். மறுபடியும் கைகோத்துவிட்டன, ஒலி உயர்கிறது. வினாடிக்கு இரண்டு ‘வோம்’. வாசகி கேட்டது இதைத்தான். இதற்குப் பாடநூலில் ‘விம்மல்’ என்று பெயர். இந்தச் சொல்லை முதன்முதலில் தமிழில் வைத்தவர் யாரோ, அவருக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். நுனியில் துணி சுற்றிய கோலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விம்மலே இல்லாமல் ஒலி சீராக வழியும். அங்கே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கடிகார முகப்பில் அது 12 மணி. இப்போது 1:30 இருக்கும் இடத்தில் தட்டுங்கள். அங்கேயும் விம்மல் இருக்காது, சுருதி மட்டும் ஒரு மயிரிழை மாறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில், 12:45 அளவில் தட்டினால் விம்மல் முழு வீச்சில் வரும். 12 மணியில் தட்டும்போது ஓர் அதிர்வின் எதிர்க்கணுவைத் தட்டுகிறோம். மற்ற அதிர்வுக்கு அது கணு, அதனால் அது எழுவதே இல்லை. நடுவில் தட்டினால் இரண்டும் சமமாக எழுகின்றன. என் கிண்ணத்தின் விளிம்பில் இப்படிப் பதினாறு பென்சில் புள்ளிகள் இருக்கின்றன: எட்டு அமைதியானவை, எட்டு விம்முபவை. அவற்றை அழிக்க இன்னும் மனம் வரவில்லை.

தட்டாமல், கோலை விளிம்பில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே சுற்றினாலும் கிண்ணம் பாடும். ஈர விரலால் கண்ணாடிக் குவளையின் விளிம்பைத் தேய்ப்பது போலத்தான்: கோல் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். இதில் இன்னோர் அழகு உண்டு. கணுக்களும் எதிர்க்கணுக்களும் கோலோடு சேர்ந்து சுற்றி வருகின்றன. நீங்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பதால், கோல் ஒரு சுற்று வருவதற்குள் நான்கு எதிர்க்கணுக்கள் உங்களைக் கடந்துபோகும். ஒரு சுற்றுக்கு நான்கு ஏற்றம். எண்ணிப் பாருங்கள்.

கிண்ணத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் விளிம்போரத்தில் சிற்றலைகள் எழும். இன்னும் வலுவாகத் தேய்த்தால் துளிகள் தெறிக்கும். மைக்கேல் ஃபாரடே 1831இல் ஆராய்ந்த அதே வகை அலைகள்தான். 2011இல் டெனி டெர்வாங்கே, ஜான் புஷ் என்ற இருவர் பாடும் கிண்ணங்களையே எடுத்துக்கொண்டு அதிவேகக் கேமராவால் இந்தத் துளிகளைப் படம் பிடித்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இப்படிப்பட்ட ஆய்வைப் பார்த்து ‘இதற்கெல்லாம் பணமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. தெறிக்கும் துளியின் கணக்கு கிண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. திரவத்தைத் துளித்துளியாகப் பிரிக்கும் கருவிகள் வரைக்கும் போகிறது.

அடுத்து, எதிர்மறை ஆற்றல். இயற்பியலில் ஆற்றல் என்பது அளக்கக்கூடிய ஒன்று. அறையில் தேங்கி நின்று, ஒலி கேட்டதும் ஓடிப்போகும் அப்படி ஓர் ஆற்றலை யாரும் அளந்ததில்லை. குறிப்பிட்ட ஹெர்ட்ஸுக்கு, உதாரணமாக 528க்கு, குணமாக்கும் சக்தி உண்டு என்ற பேச்சும் பரவிக் கிடக்கிறது. ஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு. வினாடியோ மனிதர்கள் ஒரு நாளை 86,400 பங்காக்கிப் பெற்ற அளவு. நாளை வேறு விதமாகப் பிரித்திருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். ஒலிக்குள் எங்கேயும் 528 என்று எழுதியிருக்கவில்லை. இந்த எண்களைக் காட்டி நோயாளிகளிடம் பணம் பறிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்காகக் கிண்ணத்தைத் தூக்கிப் பரணில் போட வேண்டியதில்லை. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணியும். உள்ளே இழுக்கும்போது கூடும். தேய்ந்துகொண்டே போகும் ஒரு நாதத்தைக் கடைசிவரை காதால் பின்தொடர்கிறவர் தானாகவே மூச்சை நிதானமாக விடுகிறார். என்னளவில் கிண்ணம் தரும் அமைதிக்கு இதுவே போதுமான காரணம்.

விளக்கோடு ஊதுபத்தியும் ஏற்றுவதாக வாசகி எழுதியிருந்தார். அந்தப் புகையில் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய நுண்துகள்கள் உண்டு. சன்னலைத் திறந்து வையுங்கள்.

மூன்றாவது கேள்வி. திசைகாட்டியின் முள் எங்கே நின்றாலும் கிண்ணத்துக்கு ஒன்றுதான். ஆனால் அறை ஒன்றல்ல. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புது விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. பேசி முடித்த பிறகும் ஒலி ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து, கூடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். காலையில் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயிருக்கும். அதிலிருந்து பிறந்த விதி எளிமையானது: அறையின் கன அளவை ஒலி உறிஞ்சும் பரப்பால் (ஒலியை முழுதாக விழுங்கும் எவ்வளவு பரப்புக்கு அறை சமம் என்ற கணக்கு) வகுத்து 0.161ஆல் பெருக்கினால் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி அடங்க ஆகும் நேரம், வினாடியில் கிடைக்கும்.

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள வெற்று அறைக்குப் போட்டுப் பாருங்கள். 36 கன மீட்டர்; பூச்சுச் சுவர்கள் உறிஞ்சும் பரப்பு 2 சதுர மீட்டர் போல இருந்தால் நேரம் ஏறக்குறைய 3 வினாடி. கனமான திரைச்சீலை, விரிப்பு, திண்டுகள் எல்லாம் சேர்ந்து அந்தப் பரப்பை 10 ஆக்கினால் 0.6 வினாடிக்கு இறங்கிவிடும். இஸ்தான்புல்லில் உள்ள ஹாகியா சோஃபியாவில் இது பத்து வினாடியைத் தாண்டுகிறது. அங்கே பாடினால் ஒரு ஸ்வரத்தின் மேல் அடுத்த ஸ்வரம் படிந்துகொண்டே போகும். பெரிய கல் மண்டபங்களில் நுழைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோமே, அதில் இந்த எதிர்முழக்கத்துக்குக் கணிசமான பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டு மூலையில் அந்தக் கம்பீரம் வேண்டுமென்றால் திரைச்சீலையைக் குறையுங்கள். பேச்சும் வாசிப்பும் தெளிவாக வேண்டுமென்றால் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே மூலையில் கேட்டால் கிடைக்காது.

வாசகி மூலையைத் தேர்ந்தெடுத்தது ஒலிக்கும் நல்லது. மூன்று பரப்புகள் கூடும் இடத்தில் தெறித்து வரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். அறையின் மற்ற இடங்களில் அலைகள் மோதி நிலை அலைகளாகின்றன, அதாவது சில இடங்களில் எப்போதும் உரக்கவும் சில இடங்களில் எப்போதும் மெல்லவும் கேட்கும். 220 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். அதில் கால் பங்கு, அதாவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தால் உரத்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்குப் போய்விடலாம். கிண்ணத்தை மூலையில் வையுங்கள், யாரையாவது தேய்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு அறையில் மெல்ல நடங்கள். நாதம் நிறைவாகக் கேட்கும் இடம் ஒன்று தட்டுப்படும். விரிப்பை அங்கே போடுங்கள்.