மேலிடம் சொன்னாலும் பொறுப்பு கணக்காளருக்குத்தான்

“மேலே சொன்னார்கள், நான் என்ட்ரி போட்டேன்.” மாட்டிக்கொண்ட பிறகு கணக்காளர்கள் பலர் சொல்லும் பதில் இதுதான். விதி இதை ஏற்பதில்லை.

கணக்காளர்களுக்கான சர்வதேச நெறிமுறைத் தொகுப்பு ஐந்து அடிப்படைகளை வைக்கிறது: நேர்மை, பாரபட்சமின்மை, தொழில்திறனும் கவனமும், ரகசியம் காத்தல், தொழிலுக்கு இழுக்கு வராத நடத்தை. பல நாடுகளின் கணக்காளர் அமைப்புகள் இதையொட்டியே தங்கள் விதிகளை வைத்திருக்கின்றன. மீறினால் அமைப்பு நடவடிக்கை எடுக்கும். அது போக, அந்தந்த நாட்டுச் சட்டம் தனியாகப் பாயும்.

பொய்க்கணக்கு என்றால் போலி பில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 100 ரூபாய் செலவை அந்த ஆண்டின் செலவாக எழுதாமல் சொத்துக் கணக்கில் ஏற்றி, பத்து ஆண்டுக்குத் தேய்மானம் போட்டால், அதாவது ஆண்டுக்குக் கொஞ்சமாகச் செலவு எழுதினால், இந்த ஆண்டு செலவாகத் தெரிவது 10 ரூபாய்தான். மீதி 90 லாபமாகிவிடும். கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு பதிவு (ஜர்னல் என்ட்ரி), அவ்வளவுதான். அமெரிக்காவின் வேர்ல்ட்காம் தொலைபேசி நிறுவனத்தில் நடந்தது இதுதான். பிற நிறுவனங்களின் இணைப்புகளுக்குக் கட்டிய கட்டணத்தைச் சொத்தாகக் காட்டினார்கள். 2002 ஜூனில் வெளியே வந்தபோது தொகை 380 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. தலைமை அதிகாரிக்கு 25 ஆண்டு சிறை. மேலிடம் சொன்னபடி பதிவு செய்த இடைநிலைப் பதவியில் இருந்த கணக்காளர் ஒருவருக்கும் ஐந்து மாதம் சிறை. அவர் முதலில் தயங்கினார், வேலையை விடவும் யோசித்தார். அப்புறம் பதிவு செய்துவிட்டார். எனக்கு மனம் கனப்பது இவரை நினைத்துத்தான்.

சரி, தவறு நடப்பது தெரிந்தால் என்ன செய்வது? ரகசியம் காக்க வேண்டுமே என்று பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அதே நெறிமுறைத் தொகுப்பில் 2017 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமீறல் குறித்த விதி இதற்கு வழி சொல்கிறது. முதலில் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு மேலதிகாரியிடம் பேசுங்கள். அவரே அதில் சம்பந்தப்பட்டிருப்பதாகத் தோன்றினால் அவருக்கு மேலே உள்ளவரிடம் போங்கள். இயக்குநர் குழு வரை எடுத்துச் செல்லலாம். அங்கும் பலன் இல்லை, பொதுமக்களுக்குப் பெரிய பாதிப்பு வரும் என்றால், உரிய அரசு அமைப்பிடம் தெரிவிக்கலாம். நல்ல நோக்கத்தோடு, சட்டம் தடுக்காதபோது, அப்படித் தெரிவிப்பதை நெறிமுறை ரகசிய மீறலாகக் கருதாது. சில நாடுகளில், குற்றத்தில் வந்த பணத்தை வெள்ளையாக்குவதாகச் சந்தேகம் வந்தால் தெரிவிப்பது கட்டாயமே. அப்போது சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டித் துப்புக் கொடுப்பதும் குற்றம். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு அடி எடுத்து வையுங்கள்.

தணிக்கையாளருக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. தணிக்கை செய்யும் நிறுவனத்தில் அவரோ அவருடைய மனைவியோ கணவரோ பங்கு வைத்திருக்கக் கூடாது. அறிக்கை எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் பேசவும் கூடாது.

ராஜினாமா செய்துவிட்டால் தீர்ந்தது என்றும் இருந்துவிட முடியாது. செய்ய வேண்டிய மற்றதற்கு அது ஈடாகாது என்று நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. யாரிடம், என்றைக்கு, என்ன சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். வாய்மொழியாக உத்தரவு வந்தால், “இந்தச் செலவைச் சொத்தில் ஏற்றச் சொன்னீர்கள், எந்த ஆவணத்தின் அடிப்படையில்?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை அந்த என்ட்ரியைத் தொடாதீர்கள்.