குபர்நெட்டிஸ்: தமிழில் மீகாமன்

செயலியையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டினால் அது கன்டெய்னர். அப்படிக் கட்டிய செயலிகளைப் பல சர்வர்களில் ஏற்றி, ஓடவைத்து, விடாமல் கண்காணிக்கும் மென்பொருள்தான் குபர்நெட்டிஸ். ஒரு கன்டெய்னர் நின்றுபோனால் இன்னொன்றைக் கிளப்பும். சர்வரே படுத்துவிட்டால் அதிலிருந்த வேலையை வேறு சர்வருக்கு மாற்றிவிடும். கூகுள் தன் உள்வேலைகளுக்கு வைத்திருந்த 'போர்க்' என்ற அமைப்பின் அனுபவத்திலிருந்து பிறந்து, 2014 ஜூனில் வெளியே வந்தது. 1.0 பதிப்பு 2015 ஜூலையில். பெயர் நீளம் என்பதால் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவிலுள்ள எட்டு ஆங்கில எழுத்துகளை எண்ணாக்கி 'கே8எஸ்' என்றும் எழுதுவார்கள்.

சொல் கிரேக்கம். 'குபெர்னேதேஸ்' என்றால் கப்பலின் சுக்கானைப் பிடித்து வழி நடத்துபவர். இதுவே லத்தீனில் 'குபெர்னாதோர்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் போய்க் கவர்னர் ஆனது. 1948இல் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர் தன் கட்டுப்பாட்டு அறிவியலுக்கு 'சைபர்நெட்டிக்ஸ்' என்று பெயர் வைத்தபோது எடுத்ததும் இதே சொல்லைத்தான். சைபர் கிரைமில் இருக்கும் 'சைபர்' அதிலிருந்து வெட்டிய துண்டு. ஆக, கவர்னரும் சைபரும் குபர்நெட்டிஸும் ஒரே குடும்பம்!

தமிழில் இதற்குப் புதுச்சொல் கட்ட வேண்டியதே இல்லை. கப்பலோட்டியைக் குறிக்கும் மீகாமன் இருக்கிறார். அவருக்கும் முந்தையவர் நீகான்: அகநானூறு 255ஆம் பாட்டில், மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் திசையறிந்து வங்கத்தை, அதாவது கப்பலை, செலுத்துபவர் அவர்தான். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் 'சுக்கான்' அரபியிலிருந்து வந்தது. கன்டெய்னருக்குக் கொள்கலன் என்பதும் அழகாகப் பொருந்துகிறது. கலம் என்றால் பாத்திரம், கப்பலும் கலம்தான்.

ஆனாலும் மென்பொருளின் பெயரைக் குபர்நெட்டிஸ் என்றே எழுதலாம், அது இடுபெயர். பொருளை விளக்கும்போது மீகாமன் என்று சொன்னால் போதும். இந்த வகைக் கருவிகளுக்குப் பொதுப்பெயராக 'ஒருங்கியக்கி' எனக்குப் பிடித்திருக்கிறது. செயலியைச் சர்வரில் ஏற்றி ஓடவைப்பதை, அதாவது 'டிப்ளாய்' செய்வதை, 'வரிசைப்படுத்தல்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது தரவை அடுக்கும் வேலை. 'களமிறக்குதல்' எவ்வளவோ தெளிவு.

சரி, எல்லாருக்கும் மீகாமன் வேண்டுமா? ஒரே சர்வரில் நாலைந்து கன்டெய்னர் ஓடும் செயலிக்கு, அவற்றைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸ் என்ற எளிய கருவி போதும். நின்ற கன்டெய்னரை அதிலும் தானாகவே மறுபடி கிளப்பச் சொல்லலாம். சர்வர் போனால்தான் எல்லாம் போகும். அதைத் தாங்க முடியாத நிலை வரும்போது, பல சர்வர் தேவைப்படும்போது, குபர்நெட்டிஸுக்கு மாறுங்கள். சின்னக் குழு என்றால் அதன் மெலிந்த வடிவமான கே3எஸ்ஸில் தொடங்கலாம். கட்டிவைத்த கன்டெய்னர் இமேஜை (கன்டெய்னரைக் கிளப்பும் மூலப்பொதியை) அப்படியே கொண்டுபோகலாம். பெரும்பாலும் புதிதாக எழுத வேண்டியிருப்பது, எது எப்படி ஓட வேண்டும் என்று குபர்நெட்டிஸுக்குச் சொல்லும் யாம்ல் கோப்புகளைத்தான்.