கறை எந்த அடுக்கில் இருக்கிறது?

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ தாத்தா காலத்துப் பீரோவைத் துழாவினால், சாவி கொடுத்து ஓட்டும் எச்எம்டி வாட்ச் ஒன்று கைக்கு வருவதில் வியப்பில்லை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961-ல் பெங்களூரில் பிறந்த குடும்பம் அது. அதன் மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். வம்பு செய்வது டயல்தான்.

டயல் என்பது சுமார் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள பித்தளைத் தகடு. அதன் மேல் வெள்ளி முலாமோ வண்ணமோ இருக்கும். அதற்கும் மேல் நிறமற்ற வார்னிஷ். எழுத்துகளையும் நிமிடக் கோடுகளையும் பல டயல்களில் எல்லாவற்றுக்கும் மேலேதான் அச்சிட்டிருப்பார்கள். கறையோ பெரும்பாலும் வார்னிஷுக்கு அடியில் கிடக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் எழுத்து போய்விடும், கறை போகாது.

அடியில் எப்படி வந்தது? வெயிலில் சூடாகும் வாட்ச் காற்றை வெளியே விடுகிறது. இரவில் குளிரும்போது இழுத்துக்கொள்கிறது. சாவியின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் காசிமேட்டு உப்புக் காற்று உள்ளே போகும். உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் அந்த ஈரப்பதம் அன்றாடம் வருவது. வார்னிஷில் ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், கரைசல் பித்தளையைத் தொட்டுவிடும். குளோரைடு செம்பை அரித்துப் பச்சைக் களிம்பாக்குகிறது. அந்த வினையில் அமிலம் மீண்டும் பிறந்து, அடுத்த அரிப்பைத் தொடங்கிவைக்கிறது. வெள்ளி முலாம் கறுப்பது வேறு கதை: அது கந்தகத்தின் வேலை. பக்கிங்காம் கால்வாயின் தேங்கிய சாக்கடையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளிக் கொலுசைக் கறுக்கச் செய்வதைப் போலவே இதையும் கறுக்கச் செய்யும்.

கடிகாரக்காரர் முதலில் துடைப்பதில்லை, பார்க்கிறார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணில் இடுக்கி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்க்கிறார். மேலே ஒட்டிய அழுக்குக்கு ஒரு விளிம்பு தெரியும். அடியில் களிம்பு முளைத்திருந்தால் வார்னிஷ் கொப்புளமாக எழும்பி, சாய்ந்த ஒளியில் மெல்லிய நிழல் விழும். நுட்பமான இடம் எண்களுக்குப் பதிலாகப் பதித்த உலோகக் கட்டைகளின் அடி. அவற்றின் கால்கள் தகட்டைத் துளைத்துச் செல்வதால், பச்சைத் துகள் முதலில் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். கறை மூன்று மணிப் பக்கம் குவிந்திருந்தால் ஈரம் சாவி வழியாக வந்திருக்கும். ஓரம் முழுக்க வளையமாக இருந்தால் கண்ணாடியின் மீது சந்தேகப்படலாம்.

மேலே உள்ள அழுக்கை மட்டுமே எடுக்க முடியும். முள்களைக் கழற்றி, காற்றூதி, பிறகு அழுக்கை ஒட்டியெடுக்கும் களிமண் போன்ற கடிகாரப் பசைக்கட்டியால் ஒற்றி எடுப்பது. அதற்கும் அசையாவிட்டால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு முனை. அதையும் முதலில் கேஸின் விளிம்பு மறைக்கும் ஓரத்தில்தான் சோதிக்க வேண்டும். எழுத்தைத் தொடவே கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் கைப்பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். புளியின் டார்டாரிக் அமிலம் களிம்பைக் கரைக்கும்தான். ஆனால் குத்துவிளக்கைக் கழுவலாம், வார்னிஷுக்கு அடியில் புகுந்த அமிலத்தைக் கழுவ முடியாது.

1960-களுக்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச் என்றால் இன்னொரு எச்சரிக்கை. இருட்டில் மின்னும் எண்களில் ரேடியம் இருக்கலாம். மின்னவில்லை என்பதால் பயமில்லை என்று நினைக்கக் கூடாது: களைத்துப்போனது ஒளிரும் பொருள் மட்டுமே, ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அதைச் சுரண்டினால் கிளம்பும் தூள் மூச்சில் போய்விடும்.

புதிதாக வண்ணமடித்து அச்சிட்டுத் தரும் கடைகளும் உண்டு. அப்படி மறுபூச்சுப் பெற்ற டயலைக் கண்டுபிடிப்பது எளிது: எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடு உலோகக் கட்டையின் நடுவில் நிற்காமல் நழுவியிருக்கும். என் கணக்கில், எழுத்தைப் படிக்க முடிகிற டயலுக்கு மறுபூச்சு வேண்டாம். அந்தப் பணத்தில் சாவி வளையத்தையும் கண்ணாடியையும் மாற்றினால் அரிப்பின் வேகமாவது குறையும். பாதிக்கு மேல் உரிந்துபோயிருந்தால் பழைய டயலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, வேறொன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.